சேய்டு கெய்ட்டாவும் பமாகோ ஸ்டூடியோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேய்டு கெய்ட்டா யார்?

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் தலைநகர் பமாகோ. அங்கே 1948 முதல் 1960-களின் தொடக்கம்வரை புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்தவர் கெய்ட்டா. 1921 வாக்கில் பிறந்தார். 2001 நவம்பரில் பாரிஸில் காலமானார். அவர் கடை நடத்திய காலத்தின் பெரும்பகுதியில் மாலி என்ற நாடே கிடையாது. அப்போது அது ஃபிரெஞ்சு சூடான் என்ற காலனி; விடுதலை வந்தது 1960 செப்டம்பர் 22-இல். அவர் எடுத்தவை கலைக்கூடத்துக்காக எடுத்த படங்கள் அல்ல. காசு கொடுத்தவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சட்டம் போட்டு மாட்டவும், தூரத்து உறவுக்கு அனுப்பவும் எடுத்தவை. இதை மறந்துவிட்டுப் பார்த்தால் பாதி புரியாது.

யாரிடம் கற்றார்?

பள்ளிக்கூடத்தில் கற்றவர் அல்ல. சிறுவயதிலேயே தச்சு வேலைக்குப் போனவர். 1935-இல் செனகலிலிருந்து திரும்பிய சித்தப்பா ஒரு கோடக் பிரவுனி பெட்டிக் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஃபிலிம் சுருளுக்கு எட்டுப் படம். தொடக்கத்தில் மரவேலையும் படமும் கூடவே நடந்தன.

படம் எடுப்பதைவிட அதைக் கழுவி அச்சிடுவதுதான் அப்போது கடினம். அந்தப் பாடம் அவருக்கு இரண்டு இடங்களில் கிடைத்தது. பமாகோவில் படச் சாமான் கடை வைத்திருந்த பியேர் கார்னியே என்ற ஃபிரெஞ்சுக்காரர் ஒருவர். பள்ளி ஆசிரியராகவும் படக்காரராகவும் இருந்த மூன்டாகா டெம்பெலே இன்னொருவர். டெம்பெலேயின் இருட்டறைதான் கெய்ட்டாவின் பயிற்சிக்கூடம். கெய்ட்டாவின் பெயர் உலகம் சுற்றிய அளவுக்கு டெம்பெலேயின் பெயர் சுற்றவில்லை. அது நியாயமில்லை.

ஸ்டூடியோவில் ஏன் அவ்வளவு கூட்டம்?

இடம்தான் முதல் காரணம். 1948-இல் அப்பா கொடுத்த மனையில், பமாகோ-குரா என்ற பகுதியில் கடை போட்டார். அந்த ஊரில் பேசும் பம்பாரா மொழியில் ‘குரா’ என்றால் புதிது. மத்திய சிறைக்குப் பின்புறம் அந்த மனை. ரயில் நிலையம், பெரிய சந்தை, சினிமாக் கொட்டகை எல்லாம் பக்கத்திலேயே. செனகலின் டக்காரிலிருந்து வரும் ரயில் பமாகோவில் நிற்கும். இறங்கியவர் சந்தைக்குப் போகும் வழியில் படம் எடுத்துக்கொள்வார். அவருடைய ரப்பர் முத்திரையிலேயே ‘சிறைக்குப் பின்னால்’ என்று முகவரி இருந்தது. ஊரில் எவரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது காரணம், சுவரில் மாதிரிப் படங்களை ஒட்டி வைத்திருந்தார். வந்தவர் விரலால் காட்டி “இதுபோல” என்று சொன்னால் போதும்.

என்ன கேமரா?

பெயர் பெற்ற படங்களில் பெரும்பாலானவை 13 × 18 செ.மீ. தாள் ஃபிலிம் போடும் முக்காலிக் கேமராவில் எடுத்தவை. துருத்தி, முன்னால் லென்ஸ், பின்னால் மங்கல் கண்ணாடி. கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். வெயிலில் அது கண்ணுக்குப் புலப்பட, தலைமேல் கருப்புத் துணி போர்த்திக்கொள்ள வேண்டும்.

இதைத் தேர்ந்ததற்குக் காரணம் கலை ஆசை மட்டும் அல்ல, கணக்கும்தான். நெகடிவே 13 × 18 என்றால் பெரிதாக்கும் கருவி வேண்டாம். நெகடிவைத் தாள்மேல் வைத்து அழுத்தி வெளிச்சம் காட்டினால் அதே அளவில் படம் விழும். இதுதான் கான்டாக்ட் பிரிண்ட். இடையில் இன்னொரு லென்ஸ் இல்லாததால் துணியின் நூல்கூட எண்ணலாம் போலத் தெரியும்.

ஒருவருக்கு ஒரே ஒரு தாள்தான் செலவழிப்பார் என்பது உண்மையா?

உண்மை. ஃபிலிம் விலை அப்படி. இரண்டாவது தாள் என்றால் லாபம் போய்விடும். அதனால் வேலை முழுவதும் ஷட்டருக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்: உடை, கை, தலைச் சாய்வு, மூச்சு எல்லாம். அவருடைய பாணி என்று இன்று கொண்டாடப்படுவதில் பாதி இந்தச் சிக்கனம்தான் என்பது எங்கள் கருத்து. முகங்களில் தெரியும் அந்த அமைதி, ‘இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்’ என்ற வசதி இல்லாத இடத்தில் பிறந்தது.

வெளிச்சம் எப்படிக் கொடுத்தார்?

முற்றத்தில், பகல் வெளிச்சத்தில். அவருக்கு அதுதான் பிடிக்கும். நேர் வெயில் அல்ல. சுவரும் கூரையும் மறைத்த நிழலில், ஒரு பக்கம் வானம் திறந்திருக்கும் இடம். அப்படிப்பட்ட இடத்தில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக வந்து மறுபக்கக் கன்னத்தில் கரைந்து இறங்கும். மணற்தரை கீழிருந்து கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித் தாடைக்குக் கீழ் இருள் கட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

இன்று இதைச் செய்து பார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, மரத்தடியில் நிறுத்துவது. இலை வழியாக விழும் வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் உட்காரும். வண்ணப்படத்தில் கண் மன்னித்துவிடும், கருப்பு வெள்ளையில் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். சுவர் நிழலே சரி. பக்கத்தில் நீலமோ பச்சையோ பூசிய சுவர் இருந்தாலும் கருப்பு வெள்ளைக்குக் கெடுதல் இல்லை.

பின்திரைத் துணிகளைப் பற்றிச் சொல்லுங்கள். அதை வைத்து ஆண்டு சொல்லலாமாமே?

முதல் பின்திரை அவருடைய கட்டில் விரிப்பு. ஓரத்தில் குஞ்சம் தொங்கும். சில படங்களில் அந்தக் குஞ்சம் அப்படியே தெரிகிறது. இரண்டு மூன்று ஆண்டு ஓடியதும் அதை எடுத்துவிட்டுப் பூப்போட்ட துணி, பிறகு கொடிகள் சுருண்டோடும் துணி, கடைசியில் வெறும் சாம்பல் நிறம் என்று மாற்றிக்கொண்டே போனார். வாடிக்கையாளர் பெயர்களை அவர் குறித்து வைக்கவில்லை. பல ஆண்டு கழித்து நெகடிவ்களை வரிசைப்படுத்தியபோது கைகொடுத்தது பின்திரைதான்: இந்தத் துணி தொங்கியது இந்த ஆண்டுகளில் என்று அவருக்கு நினைவிருந்தது. ‘1952 முதல் 1955 வரை’ போன்ற வீச்சாகப் படங்களுக்குத் தேதி இருப்பது அதனால்தான்.

துணி வேலை அதோடு முடியவில்லை. அவருடைய படுத்திருக்கும் பெண் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் பூத்துணி, கட்டிலில் கட்டம் போட்ட விரிப்பு, அவள் உடையில் இன்னொரு வடிவம். மூன்றும் ஒன்றோடொன்று மோத வேண்டும், மோதவில்லை. காரணம் முகமும் முன்கையும். அத்தனை கோலத்துக்கு நடுவே கோலம் இல்லாத இடம் அவை மட்டுமே. கண் அங்கேதான் போய் இளைப்பாறும். வெறும் சுவரின் முன் அதே பெண்ணைக் கிடத்தியிருந்தால் உடைதான் முதலில் தெரிந்திருக்கும்.

திரைக்கும் ஆளுக்கும் இடைவெளி குறைவு என்பதையும் கவனியுங்கள். அரை மீட்டருக்குள் நின்றால் துணியும் ஏறக்குறையத் துல்லியமாக விழும். இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தினால் பூவெல்லாம் மேகமாகிவிடும். அது வேறு பாணி.

கோட்டு, ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் படத்தில் இருப்பவருடையதா?

பல படங்களில் இல்லை. ஸ்டூடியோவில் ஐரோப்பியக் கோட்டுகள், டை, தொப்பி இருந்தன. பேனா, கைக்கடிகாரம், பிளாஸ்டிக் பூ, ரேடியோ, தொலைபேசி, வெஸ்பா எல்லாம் கேட்டால் கிடைக்கும். சொந்தக் கார், ஒரு பெஷோ 203, அதுவும் படத்தில் வந்து நிற்கும். ஆனால் பெண்களின் நகையும் பூபூ என்ற அகன்ற அங்கியும் பெரும்பாலும் சொந்தம். நகை காட்டத்தான் பலர் வந்ததே.

இதைப் பொய் வேடம் என்று எழுதுபவர்கள் உண்டு. கல்யாணப் படத்துக்கு இரவல் நகை போடாத ஊர் எது?

கை, தலை, உட்காரும் விதம்: இதில் என்ன நுணுக்கம்?

அவர் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் இது. பம்பாராவில் “இ கா ஞே தான்” என்பார்கள். ‘இப்படி இருக்கையில் அழகாக இருக்கிறாய்’ என்று பொருள். அந்த ‘இப்படி’யைக் கண்டுபிடிப்பதுதான் தன் தொழில் என்று அவர் நினைத்தார்.

அவருடைய அடையாள நிலை, உடலைச் சாய்வாகத் திருப்பிய மார்பளவுப் படம். அதை நீங்கள் செய்து பார்க்க வேண்டுமென்றால்:

உட்கார்ந்தவரின் தோள்களை முதலில் கேமராவுக்கு 45 பாகை திருப்புங்கள். முகத்தை மட்டும் பாதி தூரம் திரும்பக் கொண்டுவாருங்கள். இப்போது கேமராவையே கொஞ்சம் சாய்த்தால் உடல் சட்டத்தின் மூலைவிட்டத்தில் விழும். முன்தோள் கீழ் மூலையில், தலை மேலே. கழுத்தில் மடிப்பு விழுந்தால் தோளை அதிகம் திருப்பிவிட்டீர்கள் என்று பொருள், முகத்தைத் தொடாதீர்கள், நாற்காலியைத் திருப்புங்கள். கை சும்மா தொங்கினால் பாரமாகத் தெரியும். விரல்நுனி எதையாவது தொட வேண்டும், ஆனால் பிடிக்கக் கூடாது. நீண்ட விரல்கள் அங்கே பெண்களுக்கு அழகின் அடையாளம். அதனால்தான் அத்தனை படங்களில் விரல்கள் விரிந்து முன்னால் வருகின்றன.

வெள்ளைக் கோட்டும் தடித்த கண்ணாடியும் அணிந்த ஓர் இளைஞர் ஒற்றைப் பூவை மார்புக்கு முன்னால் நீட்டிப் பிடித்திருக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. பூவைக் காம்பில், விரல்நுனியால் பிடித்திருக்கிறார். கைமுழுக்கப் பற்றியிருந்தால் விற்பனைக்கு வந்தவர்போல் ஆகியிருக்கும்.

கருந்தோல், வெள்ளை உடை. இரண்டும் ஒரே நெகடிவில் தங்குவது எப்படி?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். வெள்ளை பூபூவை அளந்து அப்படியே எடுத்தால் உடை சாம்பலாகும், தோலுக்கு நெகடிவில் எதுவுமே பதியாது. வெறும் கண்ணாடிபோல் இருக்கும் இடத்தை எந்த அச்சுத் தாளாலும் மீட்க முடியாது.

ஸ்பாட் மீட்டரால் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் மீட்டர்) வெளிச்சம் விழும் கன்னத்தை அளந்து, கருந்தோலுக்கு அந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). மாநிறத்துக்குக் குறைக்க வேண்டாம். பிறகு உடையை அளந்து பாருங்கள்: கன்னத்துக்கும் வெள்ளைத் துணிக்கும் வித்தியாசம் மூன்று, மூன்றரை ஸ்டாப் என்றால் கவலையில்லை. ஐந்து என்றால் வெயில் எங்கோ நேரடியாக விழுகிறது. ஆளை இன்னும் நிழலுக்குள் நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் டெவலப் செய்யும் நேரத்தை 15 முதல் 20 சதவீதம் குறையுங்கள்.

ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்குத் திறந்த நிழலில் தொடக்கக் கணக்கு எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு), 1/30 நொடி. அரை ஸ்டாப் கூடினால் நெகடிவ் தாங்கும், குறைந்தால் தாங்காது. சந்தேகம் வந்தால் கூட்டுங்கள். டிஜிட்டலில் இதற்கு நேர் எதிர்: அங்கே வெள்ளை வெந்துபோனால் திரும்பாது, எனவே உடையைக் காப்பாற்றி எடுத்துப் பிறகு முகத்தைத் தூக்க வேண்டும்.

13 × 18-க்கு வழக்கமான லென்ஸ் 210 மி.மீ. முக்கால் அளவு உருவத்துக்கு ஆளிலிருந்து 2 மீட்டர், முழு உருவத்துக்கு 2.7 மீட்டர் வேண்டும். 2 மீட்டரில் எஃப்/11 வைத்தால், கான்டாக்ட் பிரிண்டில் பார்க்க, துல்லியம் சுமார் 40 செ.மீ. ஆழத்துக்குக் கிடைக்கும். நீட்டிய கையும் கண்ணும் இதற்குள் அடங்க வேண்டும். குவியம் கண்ணில், பிறகு கை மங்கினால் எஃப்/16-க்குப் போய் நேரத்தை 1/15 ஆக்குங்கள். 1/15-இல் ஆள் அசைவார், எனவே முதுகுக்கு ஏதாவது சாய்மானம் கொடுங்கள்.

கான்டாக்ட் பிரிண்ட் போடும் முறை?

இருட்டறை, சிவப்பு விளக்கு, கண்ணாடிச் சட்டம், நான்கு தட்டுகள். இவ்வளவே.

நெகடிவின் மங்கலான பக்கம் ஃபிலிமின் மருந்துப் பக்கம். அது தாளின் பளபளப்பான மருந்துப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் இடம் வலமாகும், கொஞ்சம் மங்கும். சரிபார்க்க எளிய வழி, கோட்டின் மேல்பை. அது அணிந்தவரின் இடப்பக்கம் இருக்கும். அச்சில் அது அணிந்தவரின் வலப்பக்கம் வந்துவிட்டால் நெகடிவ் திரும்பிவிட்டது. சட்டத்தை நன்றாக அழுத்துங்கள். அழுத்தம் குறைந்த இடம் மட்டும் புகைபோல் மங்கும். குவியத் தவறு என்று நினைத்துப் பலர் கேமராவைத் திட்டுவார்கள்.

ஒரு மீட்டர் உயரத்தில் 15 வாட் பல்பு. ஒரு துண்டுத் தாளில் 2, 4, 8, 16 நொடி சோதனை. உருவத்தை வெளிக்கொணரும் டெவலப்பரில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், அதன் வேலையை நிறுத்தும் நிறுத்து நீரில் 30 நொடி, படத்தை நிலைக்கச் செய்யும் சாதாரண ஹைப்போவில் 10 நிமிடம், ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம். படம் சீக்கிரம் கறுக்கிறதே என்று டெவலப்பரிலிருந்து 40 நொடியில் எடுத்தால் கருப்பு கருப்பாக இருக்காது, சேற்று நிறமாகத் திட்டுத் திட்டாக நிற்கும். பல்பு நேரத்தைக் குறைப்பதே தீர்வு.

அச்சில் வெள்ளைப் புள்ளி என்றால் நெகடிவ்மேல் தூசி. கருப்புப் புள்ளி என்றால் நெகடிவிலேயே ஓட்டை. படம் எடுக்கும்போது ஃபிலிமில் தூசி உட்கார்ந்திருந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை சஹாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று அடிக்கும் ஊரில் இரண்டுமே வரும். ஃபிலிம் பெட்டியை ஈரத்துணியால் துடைத்தபின் தாள் ஏற்றுவது பழைய வழி.

பமாகோ வெக்கையில் ஃபிலிம் கழுவுவது சாத்தியமா?

பமாகோவில் மார்ச் முதல் மே வரை 39, 40 பாகை சாதாரணம். ஃபிலிம் கழுவும் கணக்கெல்லாம் 20 பாகைக்கு எழுதப்பட்டவை. 27-ஐத் தாண்டினால் நேரம் பாதிக்கும் கீழே போய்விடும். நாலு நிமிடத்துக்குக் குறைந்தால் மருந்து சமமாகப் பரவாமல் வானத்திலும் பின்திரையிலும் திட்டு விழும். இன்னும் ஏறினால் ஜெலட்டின் ஊறி ஓரம் சுருண்டு கழன்று வரும்.

செய்யக்கூடியவை: இரவில் வேலை, டெவலப்பரை இன்னும் நீர்க்கக் கலப்பது, படிகாரம் சேர்த்த ஹைப்போ, மண்பானைத் தண்ணீர். வறண்ட காற்றில் பானை நன்றாகவே குளிரும், மழைக்காலத்தில் அவ்வளவு உதவாது. எல்லாவற்றையும்விட முக்கியம், தட்டுகள் எல்லாம் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும், இரண்டு பாகை வித்தியாசத்துக்குள். டெவலப்பரை மட்டும் ஐஸ் போட்டு 20-க்குக் கொண்டுவந்து, பிறகு ஃபிலிமை 32 பாகைத் தண்ணீரில் போட்டால் மருந்துப்படலம் வலைபோல் வெடிக்கும். 24-இல் எல்லாமே இருப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

ஏன் நிறுத்தினார்?

1962-இல் புதிய மாலி அரசு அவரை அரசுப் படக்காரராக எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலத்தில் சொந்தக் கடையை மூட வேண்டியதாயிற்று. 1977-இல் ஓய்வு. பிறகு இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் இறங்கினார். நெகடிவ்கள் பெட்டிகளில் பத்திரமாக இருந்தன.

வெளியுலகம் எப்போது அறிந்தது?

1991-இல் நியூயார்க்கில் ஓர் ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சியில் அவர் படங்கள் சில, எடுத்தவர் பெயர் தெரியாது என்ற குறிப்போடு இடம்பெற்றன. யார் எடுத்தது என்று தேடிப் பமாகோவுக்கே போனார் ஃபிரெஞ்சுக் கண்காட்சி அமைப்பாளர் ஆந்த்ரே மான்யான். 1994-இல் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளையில் கெய்ட்டாவின் முதல் தனிக் கண்காட்சி. அதே ஆண்டு பமாகோவில் ஆப்பிரிக்கப் புகைப்படச் சந்திப்பும் தொடங்கியது. ஊர் மட்டும் அவரை எப்போதுமே அறிந்திருந்தது.

மாலிக் சிடிபேயும் இவரும் ஒன்றா?

இல்லை. சிடிபே அடுத்த தலைமுறைப் படக்காரர். பமாகோவின் பகடாஜி பகுதியில் கடை. கெய்ட்டாவிடம் ஆள் வருவார், சிடிபே ஆட்களைத் தேடிப் போவார்: சிறிய கேமரா, ஃபிளாஷ், சனிக்கிழமை இரவு நடனங்கள், ஞாயிறு நைஜர் ஆற்றங்கரை. சிறு பிரிண்ட்களை அட்டையில் வரிசையாக ஒட்டி, கடைக்கு வருபவர் தன் முகத்தைத் தேடி நகல் கேட்கும் ஏற்பாடு அவருடையது. 2003-இல் ஹாசல்பிளாட் விருதும், 2007-இல் வெனிஸ் பினாலேயில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கமும் பெற்றார்.

அருங்காட்சியகத்தில் ஆள் உயரத்துக்கு இருக்கும் படங்கள்தான் அசலா?

1990-களில் பாரிஸில், அவருடைய நெகடிவிலிருந்து, பெரிதாக்கிப் போட்டவை அவை. அவரே கையெழுத்திட்டவையும் உண்டு. போலி என்று சொல்ல முடியாது. ஆனால் 13 × 18 பிரிண்டில் சாம்பல் நிறங்கள் மென்மையாக, ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கும். பெரிய படங்கள் பலவற்றில் கருப்பு தார்போலவும் வெள்ளை சுண்ணாம்புபோலவும் நிற்கின்றன. சுவரில் எடுப்பாக இருக்கத்தான் இருக்கிறது. பமாகோ வீட்டில் ஒரு குடும்பம் கையில் வைத்துப் பார்த்த பொருள் அது அல்ல. இரண்டையும் அருகருகே வைக்கும் கண்காட்சி கிடைத்தால் சிறியதிடம் முதலில் போங்கள்.

பழைய பிரிண்டையும் புதியதையும் பிரித்தறிவது எப்படி?

அளவைப் பாருங்கள், பழையது பெரும்பாலும் உள்ளங்கை இரண்டு விரித்த அளவுக்கு மேல் போகாது. திருப்பிப் பார்த்தால் பலவற்றில் கடை முத்திரை இருக்கும். சாய்த்துப் பிடித்தால் கருப்பான பகுதிகளின் ஓரத்தில் வெள்ளிபோல் ஒரு நீலப் பளபளப்பு தெரியும். படத்திலுள்ள வெள்ளி பல ஆண்டுகளில் மேலே ஏறி வந்ததன் அடையாளம் அது. மூலை மடிப்பு, சட்டத்தின் பசைத் தடம், சிலவற்றில் நகைக்கும் உதட்டுக்கும் கையால் தீட்டிய வண்ணம். மஞ்சள் திட்டு இருந்தால் அன்றைக்கு ஹைப்போ பழையது, அல்லது கழுவிய தண்ணீர் போதவில்லை. இவற்றில் எதையும் துடைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். ஈரத்துணி பட்டால் போதும், கைவண்ணம் முதலில் போகும்.